ஒரு பேச்சுக்குச் சொன்னது

கோட்டுக்கு அளவெடுக்கும்போது ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். நாடா இடுப்பைச் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த அளவுக்குத் தைத்தால், விருந்து சாப்பிட்டு எழுந்ததும் பொத்தான் தெறிக்கும். பழி தையல்காரர் தலையில் விழும். "மூச்ச விடுங்க சார்" என்று சொல்லிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள். மானப் பிரச்சினை. அதனால் தையல்காரர் பேசிக்கொண்டே இருப்பார். ஆள் சிரித்தால் வயிறு தானாக இறங்கும். இறங்கிய நொடியில் நாடா சுற்றி முடிந்திருக்கும். வாயைக் கொடுத்து வயிற்றை வாங்குகிறார் என்பாள் அவர் மனைவி.

பேசுவதற்கு விஷயம் தேடி அவர் எங்கும் போக வேண்டியதில்லை. கூடப்பிறந்த தம்பி பக்கத்திலேயே இருந்தான். அப்பா விட்டுப்போன ஒரே கடையை நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் தையல். அந்தப் பக்கம் செல்போன் ரிப்பேர்.

"என் தம்பின்னு ஒருத்தன் இருக்கான் சார். ஸ்பீக்கர் டெஸ்ட் பண்றேன்னு ஊரக் கூட்டுவான்."

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். "கூடுற ஊரு எனக்கு வருது. உனக்கு நான் ஒருத்தன்தான் கூட்டம்."

"கேட்டீங்களா சார்? பல்லு மொளைச்ச நாள்லேர்ந்து இப்படித்தான்."

"உன் கத்திரி மொட்டையாயிடுச்சாமே, அண்ணி சொன்னாங்க. பேசாம நாக்க வெச்சு வெட்டிடு."

வந்தவர் சிரிப்பார். வயிறு இறங்கும். நாடா சுற்றும்.

அந்த ஆள் வந்த அன்று தம்பி கடையில் இல்லை. உதிரி பாகம் வாங்க மொத்தக் கடைத் தெருவுக்குப் போயிருந்தான். வந்தவர் ஒல்லி. வங்கி அதிகாரி மாதிரி இருந்தார். ஒரு கல்யாணத்துக்குக் கோட்டு வேண்டும் என்றார். காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லப் பேசினார். வயிறே இல்லாத அவரும் வயிற்றை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இடம் நெருக்கடிதான் சார், தப்பா நெனைக்காதீங்க," என்று ஆரம்பித்தார் தையல்காரர். "முழுக்கடை எங்கப்பாவோடது. பாதிய என் தம்பி வளைச்சுப் போட்டுட்டான்."

"அப்படியா?"

"போன தடவ பலகைய மாத்தறேன்னு சொல்லி ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளிட்டான். நான் வெளியூர் போன நேரம் பாத்து."

வழக்கமாக இந்த இடத்தில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒரு சாணா? நாலு விரல்! உன் புளுக அளக்க நாடா பத்தாது" என்று வரும். அன்று வரவில்லை. பதில் சொல்ல ஆளில்லாததால் பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது.

"கையத் தூக்குங்க சார். என்ன சொல்ல, அண்ணன்னு ஒரு மட்டு மரியாதை கெடையாது."

கீழே உட்கார்ந்து கால்சட்டைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த மனைவியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "ஒரு அலமாரி வைக்க எடமில்லங்க. தெச்ச துணியெல்லாம் என் தலை மேல தொங்குது."

"தம்பி போயிட்டா எடம் பத்துமா?" என்று கேட்டார் வந்தவர்.

"அவன் போனாத்தான் சார் எனக்கு விடிவு. ஆனா அவனாவது, போறதாவது. கழுத்தப் புடிச்சுத் தள்ளினாலும் போகமாட்டான்."

வந்தவர் சிரிக்கவில்லை. ஆனால் கவனமாகக் கேட்டதில் வயிற்றை இழுக்க மறந்துபோனார். தையல்காரருக்கு அது போதும். நாடாவைச் சுருட்டினார்.

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலை தம்பியின் கடை திறக்கவில்லை. நேற்று ஏதாவது கண்டதைத் தின்றிருப்பான் என்றார் தையல்காரர். போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் இறங்காமலே கையை நீட்டினான். கையில் சாவி இருந்தது.

"உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க."

"என்ன சாவி இது?"

"பக்கத்துக் கடை."

"இது என் தம்பி சாவி. உங்ககிட்ட எப்படிப்பா வந்துச்சு?"

"கோட்டு தைக்கக் குடுத்தாரே, அவர் குடுக்கச் சொன்னார். இனிமே எடம் பத்தும்னு சொல்லச் சொன்னார்."

வண்டி போய்விட்டது. எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் சாவியோடு தெருவைத் தாண்டினார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என் கடைக்கு வந்தவர் யாரு? ஒல்லியா, மெல்லப் பேசினாரே."

மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாதுங்கிறீங்களா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கறேன்?"

"பெரிய வீடு."

பெரிய வீடு என்றால் அந்தப் பக்கத்தில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, காலி மனை, எந்த லாரி எந்த வழியாகப் போக வேண்டும், எல்லாம் அவர்கள்தான். கத்தி தூக்குகிறவர்களின் முகம் தெருவுக்குத் தெரியும். இவர் முகம் தெரியாது.

"இவர் வெளிய வர்ற ஆள் இல்ல," என்றார் மருந்துக்கடைக்காரர். "உள்ள உக்காந்து கேக்கறவர். பிரஷர் மாத்திரைய நான்தான் உள்ள கொண்டுபோய்க் குடுக்கறேன், அதனால தெரியும். வாடகைக்காரன் காலி பண்ணல, புருஷன் அடிக்கிறான், பங்காளி எடத்த விடலன்னு ஜனங்க அவர்கிட்டதான் போய் சொல்லுது. அவர் கேட்டுட்டு 'சரி'ம்பார். அவ்வளவுதான். அவர் சரின்னுட்டா முடிஞ்சுது."

"நான் ஒண்ணும் போய் சொல்லலையே."

"வந்து கேட்டிருக்காரே. அதிர்ஷ்டம் உங்களுக்கு."

"ஸ்டேஷன்ல போய் சொல்லட்டுமா?"

"ஸ்டேஷன்லேர்ந்தே அங்கதான் அனுப்பறாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தையல்காரர் உட்காரவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். மாடிப்படி ஏறி, எப்போதும் போலக் கதவைத் தள்ளினார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்துத் தம்பியே திறந்தான்.

"வாங்க," என்றான்.

கையில் கட்டு இல்லை, முகத்தில் காயம் இல்லை. சட்டைக் கையைக் கூட ஒழுங்காக மடித்துவிட்டிருந்தான். தையல்காரருக்கு மூச்சு வந்தது.

"அடிச்சாங்களாடா?"

"எதுக்கு அடிக்கணும்? நீங்க உக்காருங்க."

"என்னடா 'நீங்க'? யாருகிட்டப் பேசற?"

தம்பி ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான். சாப்பாட்டு மேசையில் அவன் மகள் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கு அனுப்பவில்லை.

"பெரியப்பா, புது கலர் பென்சில். முப்பத்தாறு கலர்," என்று தூக்கிக் காட்டினாள்.

"உள்ள போ," என்றாள் தம்பி மனைவி.

"பெரியப்பாவுக்கு ஒரு..."

"உள்ள போன்னு சொன்னேன்."

குழந்தை போன பிறகுதான் தம்பி சொன்னான். "நேத்து ஸ்கூல் விட்டதும் ரெண்டு பேர் அவளக் கூட்டிட்டு வந்தாங்க. பைக்ல, நடுவுல உக்கார வெச்சு. மெதுவாத்தான் ஓட்டினாங்களாம். வழியில அந்தப் பென்சில் வாங்கிக் குடுத்திருக்காங்க. 'நல்ல புத்திசாலிப் பொண்ணு, வீட்டுக்கு வழியெல்லாம் அவளே சொன்னா'ன்னாங்க. தண்ணி குடிச்சாங்க. அப்புறம், 'உங்க அண்ணன் எடம் பத்தாம கஷ்டப்படறாராமே'ன்னாங்க. சாவிய எடுத்துக் குடுத்துட்டேன்."

"டேய், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா."

"சரிங்கண்ணா."

"அளவெடுக்கறப்ப சொல்றதுதானே. நீயே எத்தனை தடவ கேட்டிருக்க, பதில் சொல்லிருக்க."

"கேட்டிருக்கேன். இத்தனை வருஷமா அதெல்லாம் வெளையாட்டுன்னு நெனச்சிட்டேன்."

தையல்காரரின் மனைவி குறுக்கே வந்தாள். "தம்பி, நானும் அங்கதான் இருந்தேன். அந்த ஆளு யாருன்னே எங்களுக்குத் தெரியாது. என் புள்ளைங்க மேல ஆணையா சொல்றேன்."

"நீங்க அலமாரி வைக்க எடமில்லன்னீங்களாமே அண்ணி. அதையும் சொன்னாங்க."



"நான் போய் பேசறேன்," என்றார் தையல்காரர். "நடந்ததச் சொல்லிட்டு வர்றேன். நாளைக்கே நீ கடையத் தெறக்கற. சாவிய உன் கையில குடுத்துட்டுத்தான் எனக்கு மறுவேலை."

தம்பி முகம் அப்போதுதான் மாறியது. "வேணாங்கண்ணா. எனக்குக் கடை வேணாம். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன், அத விடுங்க. இன்னொரு தடவ அங்க என் பேர எடுக்காதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"பைத்தியமாடா நீ? நான் உன் அண்ணன்டா."

"அதனாலதான் கேக்கறேன்," என்றான் தம்பி.

திரும்பி வரும் வழியில் மனைவி கேட்டாள். "போகத்தான் போறீங்களா?"

"போகாம? என்ன நெனச்சிட்டிருக்கான் பாத்தியா அவன்?"

"அவர் வேணாங்கறாரே."

"பயத்துல சொல்றான். சாவி கைக்கு வந்துட்டா சரியாயிடுவான். நாளைக்கே பலகைக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்னத் திட்டுவான் பாரு."

பெரிய வீடு பேருக்கேற்ற பெரிய வீடாக இல்லை. சுண்ணாம்பு அடித்த சாதாரண மாடி வீடு. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, தண்ணீர் கேன், டாக்டருக்குக் காத்திருக்கிற மாதிரி ஜனங்கள். பக்கத்து நாற்காலி அம்மாள் மெல்லச் சாய்ந்து கேட்டாள்.

"உங்களுக்கு என்ன கேசு?"

"எனக்குக் கேசே இல்லம்மா. சொன்னத வாபஸ் வாங்க வந்திருக்கேன்."

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஒரு மேசை, அதன் பின்னால் அதே ஒல்லி ஆள். எழுந்து வரவேற்றார்.

"கோட்டு ரெடியா?"

"ரெடியாயிட்டிருக்கு சார். அதுக்கு வரல. ஒரு தப்பு நடந்துபோச்சு சார். தம்பியப் பத்தி நான் சொன்னது... அது சும்மா சொன்னது."

"சும்மா?"

"தொழில் பழக்கம் சார். அளவெடுக்கறப்ப ஜனங்க வயித்த எக்கிக்குவாங்க. பேச்சுக் குடுத்தா விட்டுடுவாங்க. அதுக்காக எதையாவது சொல்றதுதான். எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்வேன்."

"அப்ப உங்க தம்பி பலகையத் தள்ளலையா?"

"தள்ளினான் சார். ஆனா..."

"நீங்க ஊர்ல இல்லாதப்ப?"

"ஆமா. ஆனா அது எங்களுக்குள்ள சார். அவன் நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் நீளம்."

ஒல்லி ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே இல்லை அவரிடம். மகன் படிப்பைப் பற்றிப் பேச வந்த அப்பாவிடம் வாத்தியார் பேசுவது போல இருந்தது.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நீங்களும் யோசிச்சுப் பாருங்க. நீங்க சொன்னது பொய்னா, ஒரு பொய்யக் கேட்டு நாங்க ஒரு குடும்பத்து வயித்துல அடிச்சிட்டோம்னு ஆகுது. வெளிய அவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க. இங்க நியாயம் கெடைக்கும்னு வந்திருக்காங்க. பெரிய வீடு தப்புப் பண்ணிடுச்சுன்னு நீங்க சொல்லிட்டுப் போனா, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் வெளிய சொல்ல மாட்டேன் சார்."

"நீங்க சொல்லாம இருக்கற ஆளா?"

ஒல்லி ஆள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பொய் சொன்னவங்களுக்கு இங்க வேற கணக்கு. அதுக்குள்ள உங்களக் கொண்டுபோக எனக்கு இஷ்டமில்ல. இல்ல, தம்பி வந்து உங்கள மெரட்டினாரா? அதனால மாத்திச் சொல்றீங்களா? அப்படின்னா அத நாங்க பாத்துக்கறோம்."

"ஐயோ, இல்ல சார். அவன் ஒண்ணும் சொல்லல."

"அப்ப எது நெஜம்? நிதானமாச் சொல்லுங்க. முன்ன சொன்னதா, இப்ப சொல்றதா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ இருமினார்கள். தையல்காரருக்கு, நடுவில் உட்காரவைத்து மெதுவாக ஓட்டிப்போன அந்த வண்டி கண் முன்னால் வந்தது.

"முன்ன சொன்னதுதான் சார்."

"எது?"

"தம்பி... எடத்த வளைச்சுக்கிட்டான். எனக்கு எடம் பத்தல."

"இப்ப?"

"இப்ப பத்தும் சார்."

"சந்தோஷம். அந்தப் பலகைய எடுத்துடுங்க. கோட்டு வாங்க வரும்போது பாக்கறேன்."

ஆசாரி வந்து பலகையை எடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை, தேநீர் வேண்டுமா என்றதற்குக் கூட "உங்க இஷ்டம்ங்க" என்றார். நேற்று வரை "என்னய்யா தையலு" என்று கூப்பிட்ட மனிதர். கடை விரிந்து கிடந்தது. அந்தப் பக்கத்துச் சுவரில் கொக்கிகள், ஒயர்கள், பாதி பிரித்த போன்கள், குழந்தை ஒட்டிய ஒரு பூனைப் படம். மனைவி எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தாள். அலமாரி வாங்கவில்லை. துணிகள் முன்போலவே அவள் தலைக்கு மேல்தான் தொங்கின.

ஒல்லி ஆள் வந்தார். கோட்டைப் போட்டுப் பார்த்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். "இப்ப நல்லா காத்து வருது," என்றார். தையல்காரர் தலையாட்டினார். தெருவே பார்த்தது.

அதற்கப்புறம் தெரு மாறியது. தையல்காரர் நடந்துபோனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு பெண் ரவிக்கைத் துணியோடு வந்து, தைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தியாம்மா?"

"அது அப்புறம் இருக்கட்டுங்க. எங்க கீழ்வீட்டுக்காரன் மோட்டாரப் போட்டா எங்களுக்குத் தண்ணியே ஏறல. நீங்க ஒரு வார்த்தை போட்டு வெச்சா..."

"எங்க போட்டு வைக்கணும்?"

அவள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாததாங்க?"

"அம்மா, இங்க துணி தைக்கறது மட்டும்தான். நான் யாருகிட்டயும் எதுவும் சொல்றவன் இல்ல."

"ஞாபகத்துல வெச்சுக்கங்க, போதும்," என்று அவள் துணியை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் கீழ்வீட்டுக்காரனும் வந்தான். பையில் பழம் கொண்டுவந்திருந்தான். அவனையும் பேசவிடாமல் அனுப்பினார். ஆனால் பழத்தை வாங்க மறுத்ததும் அவன் முகம் வெளிறியதைப் பார்த்து, கூப்பிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அளவெடுக்கும்போது அவர் இப்போது பேசுவதில்லை. வருகிறவர்களும் பேசுவதில்லை.

தம்பிக்குப் போன் போட்டால் உடனே எடுத்தான். ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்தான். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"என்னடா பண்ற?"

"ஒண்ணுமில்லைங்கண்ணா. சொல்லுங்க."

"சும்மாதான் பண்ணேன்."

"சரிங்கண்ணா."

"திட்டணும்னா திட்டுடா."

"உங்களப் போய் திட்டுவேனாங்கண்ணா."

ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் இருக்கையில் மூட்டைகள். தம்பி மனைவி மட்டும் இறங்கினாள். துணி மாற்றிப் பார்க்கும் மூலையில், திரைக்குப் பின்னால் தையல்காரர் ஒரு சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். குரல் கேட்டதும் கை அப்படியே நின்றது.

"அக்கா, அவரோட சாமான் ஏதாவது இருந்தா வாங்கிட்டுப் போகலாம்னு."

"பெட்டில எடுத்து வெச்சிருக்கேன். உள்ள வாயேன். வாசல்ல நின்னுட்டே பேசறியே, இது உன் வீட்டுக் கடைதானே."

"இல்லக்கா. நேரமாச்சு."

"ஒரு நிமிஷம் இரு, உங்க மாமாவக் கூப்பிடறேன். உள்ளதான் இருக்கார். பாத்தா சந்தோஷப்படுவார்."

"கூப்பிடாதீங்கக்கா."

"ஏன்? கோவமா? இருக்கட்டும், நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டுப் போ."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லக்கா." தம்பி மனைவியின் குரல் தணிந்தது. "மாமாவப் பாத்தா கால்ல விழுந்துட்டு வரச் சொல்லி அனுப்பிருக்கார் அவர். எனக்கு முட்டி வலி. அதோட ஆட்டோல புள்ள பாத்துட்டிருக்கா. அவ முன்னாடி வேணாம்."

திரைக்குப் பின்னால் தையல்காரர் சட்டைக் கழுத்தைப் பிடித்தபடி நின்றார். வெளியே போக இரண்டு எட்டு போதும். போனால் அவள் குனிவாள். அவர் நகரவில்லை.

அட்டைப்பெட்டி கை மாறும் சத்தம் கேட்டது. "பத்திரம்," என்றாள் மனைவி. "வர்றேன்க்கா," என்றாள் அவள், எப்போதும் சொல்வது போலவே. ஆட்டோ கிளம்பியது. சத்தம் தெருக்கோடி வரை போய் வாகனங்களோடு கலந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் திரையை விலக்கினார்.

"வீட்டையே காலி பண்ணிட்டாங்களா?"

"மூட்டையப் பாத்தா அப்படித்தான் தெரியுது."

"எங்க போறாங்களாம்?"

"கேக்கல."

"ஏன் கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மனைவி கீழே உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த ஓரத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"நாம கேட்டா அவ சொல்லித்தான் ஆகணும்," என்றாள்.